எனக்குச் சிவப்பு விளக்கு, உனக்குப் பச்சை

மச்சான்,

இன்று காலை உன் தங்கச்சி துவைப்பதற்காக என் சட்டையை எடுத்தாள். பையைத் துழாவியபோது அந்தக் கறுப்புப் பஞ்சு கையில் வந்தது. ஸ்டூடியோ மைக்குக்குத் தொப்பி மாதிரி மாட்டுவோமே, சாத்துக்குடி அளவில், அதேதான். என்னவென்று புரியாமல் மூக்கில் வைத்து மோந்தாள். கிராம்பு வாசம். துவைக்கிற கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க அண்ணன் வாசம் அப்பிடியே இருக்குது பாரேன்" என்றாள்.

நீ போய் நாற்பது நாள் தாண்டிவிட்டது. அவள் அந்தப் பஞ்சைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுத அழுகையை நான் கிணற்றடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு வருஷம் அவளோடு குடித்தனம் செய்கிறேன். என் சட்டையை அவள் ஒரு நாளும் ஆசையாக மோந்ததில்லை. மோந்தாலும் மூக்கைச் சுளிக்கத்தான். நீயோ செத்த பிறகும் என் சட்டைப் பைக்குள் உட்கார்ந்துகொண்டு பேர் வாங்குகிறாய். வயிறு எரிகிறது மச்சான். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதை உனக்குத்தான் எழுத வேண்டும். எட்டாங்கிளாஸைப் பாதியில் விட்டவன் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள். நீயும் என் பெஞ்சில் இருந்தவன்தானே, பெரிதாகக் கண்டுபிடித்துவிட மாட்டாய்.

என் பெருமை உனக்குத் தெரியாதது அல்ல. ஆனாலும் எழுத உட்கார்ந்த பிறகு அதை விட முடியுமா? மரக்காணத்தில் இடிமுழக்கம் சவுண்ட் சர்வீஸ் என்றால் கல்யாணக்காரன், கட்சிக்காரன், கோயில்காரன், மாதா கோயில் தேர்க்காரன் எல்லாரும் வரிசையில் நிற்பான். ஒரு தடவை உப்பளத்து மேட்டில் குழாய் ஸ்பீக்கர் கட்டி நான் 'ஹலோ' சொன்னது கோட்டக்குப்பம் வரைக்கும் கேட்டு, அங்கே ஒரு பாய் தூக்கத்திலிருந்து எழுந்து, "யார் வீட்டு நிக்காஹ்?" என்று விசாரித்தாராம்.

நீ இருந்தால் இந்த இடத்தில், "கொஞ்சம் கொறச்சுக்க மாப்ள" என்பாய்.

சரி, குறைத்துக்கொள்கிறேன். பக்கத்து அனுமந்தை வரைக்கும் கேட்டது. காற்றும் அந்தப் பக்கம் அடித்தது.

நான் சவுண்டைக் கூட்டினாலும் அதுதான் சொல்வாய், பொய்யைக் கூட்டினாலும் அதுதான் சொல்வாய். அதையும் பக்கத்தில் நிற்கிறவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்வாய். உன் குரல் என்றைக்கு நாலடி தாண்டியது? பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பேர் வாசிக்கும்போது நீ சொல்லும் 'உள்ளேன் ஐயா' உன் சட்டைக் காலரோடு நின்றுவிடும். அவர் ஆப்சென்ட் போடப் பேனாவை எடுப்பார். நான்தான் எழுந்து, "உள்ளேன் ஐயா" என்று உனக்கும் சேர்த்துக் கத்துவேன். என் பேருக்கு ஒரு தடவை, உன் பேருக்கு ஒரு தடவை. அப்படி வருஷக்கணக்காக உன்னை இந்த ஊரில் இருப்பதாகக் காட்டியவன் நான். பிறகு நீ உப்பளத்துக்குப் போனாய். பாத்தியில் உப்பு வாருகிறவனுக்குக் குரல் எதற்கு? நான் மைக் பிடித்தேன். உலகம் ஒழுங்காகத்தான் இருந்தது, அந்த ரேடியோ மேடம் வரும்வரை.

சுனாமி அலை வந்துபோன மறு வருஷம் அது. படகு கொடுக்க வந்தார்கள், வலை கொடுக்க வந்தார்கள், பிள்ளைகளுக்குக் கலர் பென்சில் கொடுக்க வந்தார்கள். இந்த மேடம் மட்டும் ரேடியோ கொடுக்க வந்தேன் என்றார். காற்றில் விடுவதற்குக் கவர்மெண்ட் அனுமதி இன்னும் வரவில்லையாம். அது வரும்வரை ரூமில் பேசிப் பதிவு செய்து, சிடியில் போட்டு, சாயந்தரம் ஐந்து மணி தொடங்கி ஐந்து இடங்களில் ஒன்றன்பின் ஒன்றாகக் குழாய் ஸ்பீக்கரில் போடுவதாக ஏற்பாடு. நாளைக்குக் கடல் எப்படி, காற்று எப்படி, உப்பளத்தில் வேலை உண்டா, டாக்டர் எந்த ஊருக்கு வருகிறார், இதெல்லாம்.

பழைய உப்புக் கிடங்கில் ஒரு பகுதியைத் தடுத்து ரூம் கட்டினார்கள். சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியது நானும் நீயும்தான். கதவுக்கு மேல் ஒரு சிவப்பு பல்பு, அது எரிந்தால் யாரும் இருமக்கூடக் கூடாது. பாண்டியிலிருந்து அட்டைப் பெட்டி வந்து இறங்கிய அன்று மேடம், "மிக்சர் வந்துருச்சு, மிக்சர் வந்துருச்சு" என்று குதித்தார். உப்பு மூட்டை தைக்கிற பெண்கள் நாலு பேர் கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்றது ஞாபகம் இருக்கிறதா?

"எங்களுக்கும் ஒரு பொட்டலம் குடுங்கம்மா" என்று கேட்டாளே ஒருத்தி!

பெட்டியைத் திறந்தால் மிக்சர் மெஷின். மேலும் கீழும் தள்ளுகிற குமிழ் வரிசையாகப் பன்னிரண்டு. ஓரத்தில் ஏணி மாதிரி குட்டி விளக்குகள், கீழே பச்சை, நடுவில் மஞ்சள், உச்சியில் சிவப்பு. அப்புறம் அந்த மைக். என்னிடம் இருக்கிற எட்டு மைக்கையும் உருக்கினாலும் அது ஆகாது. ரப்பர் கயிற்றில் தொட்டில் மாதிரி கட்டித் தொங்கவிட்டு, மேலே இந்தக் கறுப்புப் பஞ்சை மாட்டினார் மேடம். பிள்ளைக்குக் குல்லா போடுகிற மாதிரி மாட்டினார். அந்த மைக்கின் முன்னால் உட்காரப்போவது யார் என்று ஊரில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. எனக்கு அறவே இல்லை. புது வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டேன்.

குரல் பார்க்கிற நாளில் என்னை முதலில் கூப்பிட்டார்கள். நான் உட்காருகிற மேஜையில் மைக்கும் மிக்சரும். பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம் மேடம் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்கிறார். தொழில் தெரிந்தவன் எந்த மைக்கானாலும் என்ன செய்வான்? விரலால் இரண்டு தட்டு, வாயால் ஒரு ஊது. தட்டினேன். ஊதினேன். தடுப்புக்குப் பின்னாலிருந்து "ஐயோ!" என்று ஒரு சத்தம், ஹெட்போன் கீழே விழுகிற சத்தம். நான் அதையும் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டு, "பெரியோர்களே! தாய்மார்களே!" என்று ஆரம்பித்தேன். விளக்கு ஏணி ஒரே தாவலில் உச்சிக்குப் போய்ச் சிவப்பில் நின்றது. இறங்கவே இல்லை. நான் பேசி முடித்து மூச்சு வாங்கும்போதுதான் இறங்கியது.

அடுத்தது நீ. வாயில் ஒரு கிராம்பைப் போட்டு ஒதுக்கிக்கொண்டு, முதலாளி வீட்டு நாற்காலியில் உட்காருகிற மாதிரி நுனியில் உட்கார்ந்தாய். "நாளைக்கு என்னா வேலைன்னு சொல்றேன்" என்று என்னவோ முணுமுணுத்தாய். எட்டிப் பார்த்தேன். பச்சை மூன்று. அவ்வளவுதான். சில சமயம் நாலாவதாக ஒன்று மினுக்கியது. எனக்கு உன்மேல் பாவமாக இருந்தது மச்சான், சத்தியமாக. டீக்கடைக்கு ஓடிப்போய் எல்லாரிடமும் சொன்னேன்: "எனக்குச் சிவப்பு வரைக்கும் எரிஞ்சுது. மச்சானுக்கு வெறும் பச்சை. மூணே மூணு."

மேடம் உன்னைத்தான் எடுத்தார். சிவப்பு எரிந்தால் சத்தம் உடைகிறது என்று அர்த்தமாம். பச்சைதான் வேண்டுமாம். இந்த நியாயத்தை நீ எங்காவது கேட்டதுண்டா? தேர்தலில் ஓட்டு அதிகம் வாங்கினவன் தோற்றான் என்கிற மாதிரி இல்லை?

அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் நீ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என் பக்கத்திலேயே வந்தாய். "அது காது மாதிரி மாப்ள. காதுல போயி யாராச்சும் கத்துவாங்களா?" என்றாய். எனக்கே மைக் சொல்லித் தருகிறாய்! அந்தப் புதுச் சட்டையை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு வந்த பத்து மாசத்தை என்னவென்று எழுதுவது? கம்பத்தில் ஏறிக் குழாய் கட்டியவன் நான். ஆம்ப்ளிஃபயர் என்னுடையது, வயர் என்னுடையது. மத்தியானம் நீ பேசியதை சிடியாக வாங்கி என் வேனில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போனவனும் நான். நாற்பது வருஷம் நாலடி தாண்டாத உன் குரலை நான்தான் என் குழாயில், என் கையால், கடற்கரை முழுக்கப் பரப்பினேன். குமிழைத் திருகிவிட்டு வேனில் சாய்ந்து நிற்பேன். நீ, "நாளைக்குக் கடல் சும்மா இருக்கும்னு சொல்றாங்க" என்று ஆரம்பிப்பாய். தெருவில் குடத்தோடு போகிறவள் நிற்பாள். சீட்டாடுகிறவன் சீட்டைக் கவிழ்த்து வைப்பான். நான் பத்து வருஷம் கத்தி ஒருத்தனையும் நிறுத்தியதில்லை.

எக்கியார்குப்பத்து அஞ்சலையை உனக்குத் தெரியும். கருவாடு போடுகிறவள். அலைக்குப் பிறகு மணலில் கால் வைக்கமாட்டேன் என்று தெருக்கோடியிலேயே உட்கார்ந்திருந்தவள். கடல் எப்படி என்று வானிலைக்காரர்கள் சொல்வதை நீ வாசிக்க ஆரம்பித்து இரண்டு மாசத்தில் கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள். நான் குழாயைச் சரிபார்க்கப் போனபோது என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த அண்ணன் சொல்லிட்டா சரிதாங்க. பக்கத்துல ஒக்காந்து சொல்ற மாதிரி இருக்குது. நீங்கதான் அவுரு மச்சானாமே? குடுத்து வெச்சவரு!"

கொடுத்து வைத்தவனாம். கடைசியாக எங்கள் தெருக் குழாயில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் உன் தங்கச்சி அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் நிற்கிறாள். நான் சோறு கேட்டேன். "எங்க அண்ணன் பேசுது. செத்த வாய மூடேன்யா" என்றாள். என் வீட்டில், என் குழாயில் நீ பேச, என் வாயை மூடச் சொல்கிறாள். சொல்லு, நான் மனுஷனா, மரக்கட்டையா?

இனிமேல் எழுதப்போவதில் நான் ஒன்றும் சேர்க்கவில்லை. நீ குறைக்கச் சொல்லவும் வேண்டாம்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடவில்லை. உப்பளம் எல்லாம் ஏரி மாதிரி ஆகிவிட்டது. மேடம் சென்னைக்கு இரண்டு வாரம் போயிருந்தார். போகும்போது ஈரத்தை இழுக்கிற குட்டிப் பொட்டலங்களை மிக்சருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். நாலாம் நாளே அவை ஊறிப்போய்விட்டன. குமிழைத் தள்ளினால் கரகரவென்றது. நீ குடையில்லாமல் நனைந்துகொண்டு என் கடைக்கு வந்தாய்.

"மாப்ள, மிக்சர் ஈரம் வாங்குது. என்னா பண்ணலாம்? உனக்குத்தான் தெரியும்."

பத்து மாசத்தில் முதல் தடவையாக அந்த ரூமைப் பற்றி என்னிடம் ஒன்று கேட்டாய். உனக்குத்தான் தெரியும் என்றாய். நான் வயரைச் சுற்றிக்கொண்டே, "உப்பு வை" என்றேன்.

"உப்பா?"

"பின்ன? உப்பு ஈரத்த இழுக்குமா, இழுக்காதா? உப்பளத்துக்காரன் உனக்கு நான் சொல்லணுமா? மேஜைக்கு அடியில ரெண்டு மூட்டைய வாயத் தொறந்து வை. மிக்சர் மேலயே ஒரு கிண்ணத்துல கல்லுப்பு கொட்டி வை. நாலு நாள்ல பொரி மாதிரி காஞ்சுடும்."

நீ என் முகத்தைப் பார்த்தாய். தலையைத் துடைத்துக்கொண்டு, "நீ சொன்னா சரி" என்று போய்விட்டாய்.

மச்சான், உப்புக் காற்று என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். இந்த ஊரில் குழாய் கட்டுகிறவனுக்கு அது தெரியாமல் ஒரு வருஷம் தொழில் நடக்காது. ஒவ்வொரு வயர் முனையிலும் வாசலீன் தடவித்தான் மாட்டுவேன். ஆம்ப்ளிஃபயரை மூன்று பிளாஸ்டிக் பை சுற்றித்தான் வீட்டில் வைப்பேன். அவ்வளவும் தெரிந்த வாய்தான் அன்றைக்கு உப்பு வை என்றது. கெடுக்க வேண்டும் என்று திட்டம் போட்டேனா என்றால், இல்லை. நீ திரும்பிப் போகும்போது கூப்பிட்டு, "வேணாம், சும்மா சொன்னேன்" என்று சொல்ல நேரம் இருந்ததா என்றால், இருந்தது. தெருமுனை திரும்பும்வரை உன் முதுகைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மழையில் கல்லுப்பு தண்ணீர் விட்டது. அது விடும் என்று உனக்கும் தெரிந்திருக்குமே? அதை இன்றைக்கும் யோசிக்கிறேன். கிண்ணம் நிரம்பி வழிந்து, குமிழ் ஓடுகிற ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் உப்புத்தண்ணி இறங்கியிருந்தது. மேடம் திரும்பி வந்து திறந்தபோது உள்ளே பச்சையாகப் பூத்திருந்தது. ஒரு விளக்கும் எரியவில்லை. பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை.

மேடம் எல்லாரையும் கிடங்கில் கூப்பிட்டு நிறுத்தினார். "மெஷின் மேல உப்பை யாரு வெச்சது? யாரு சொன்னது?"

நான் கதவோரம் ஒரு வயர் சுருளோடு நின்றுகொண்டிருந்தேன். பேசாமல் இருக்கத் தெரியாத வாய் இது. கேட்காத கேள்விக்கே பத்து பதில் சொல்கிற வாய். அது அன்றைக்கு ஒட்டிக்கொண்டது.

"நான்தாங்க வெச்சேன்" என்றாய் நீ. "யாரும் சொல்லல. உப்பளத்துல கெடந்த புத்திங்க, அதான்."

உரக்கச் சொன்னாய். முட்டை அட்டை ஒட்டிய ரூமுக்கு வெளியே, அவ்வளவு பெரிய கிடங்கில், மூட்டை தைக்கிற பெண்கள் வரைக்கும் கேட்டது. உன் குரல் அத்தனை தூரம் போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

உன்னைக் கொஞ்ச நாள் உப்பளத்தையே பார்த்துக்கொள்ளச் சொன்னார் மேடம். எங்கோ கேட்டு ஒரு பழைய சின்ன மிக்சர் கொண்டுவந்தார், அதிலும் அதே விளக்கு ஏணி. அந்த நாற்காலியில் என்னை உட்காரச் சொன்னார். நான் ஆசைப்பட்ட நாற்காலி. வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் போனேன்.

பத்து நாள் பேசினேன். ஊரே மெய்ம்மறந்தது என்று எழுதத்தான் கை போகிறது. மூன்றாம் நாள் டீக்கடைக்காரர் குழாயை உப்பளத்துப் பக்கம் திருப்பி வைத்துவிட்டார். "கொக்குங்க கேக்கட்டும் மாமா, கஸ்டமருங்க ஓடுறாங்க" என்றார். உன் தங்கச்சி அடுப்பை அணைக்கவில்லை. பத்தாம் நாள் அஞ்சலை எக்கியார்குப்பத்திலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து ஸ்டூடியோவுக்கே வந்துவிட்டாள்.

"அந்த அண்ணன் எங்க?"

"அவுரு வேலைல இருக்காரு. இப்ப நான்தான். நாளைக்குக் கடல் சும்மா இருக்கும்னு நேத்து சொன்னேனே, கேக்கலியா?"

"கேட்டேன், கேட்டேன். நீ சொல்றதக் கேட்டா கடலே பயந்துக்கும் போல இருக்குது. எனக்கு எப்பிடி தைரியம் வரும்? பத்து நாளா நான் மணல்ல எறங்கல."

இதைச் சொல்லிவிட்டு அவள் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் அவள் பார்வைக்கு அது காலியாகத்தான் இருந்தது.

மறுநாள் மேடத்திடம் போய், "சென்னையில பெரிய வேலைக்குக் கூப்புடுறாங்க. மந்திரிங்க வர்ற ஃபங்ஷன். எனக்கு இங்க ஒக்கார நேரம் இல்ல. மச்சானையே போட்டுக்குங்க" என்றேன். உண்மையைச் சொல்லி உன்னைக் கூட்டிவர எனக்குத் தெம்பில்லை. பொய் சொல்லித்தான் கூட்டிவந்தேன். அதிலும் ஒரு மந்திரியோடு நிறுத்தவில்லை பார்.

நீ சாயந்தரம் வீட்டுக்கு வந்தாய். "சென்னைல என்னா வேலை மாப்ள?"

"பெரிய வேலை. வெளிய சொல்லக் கூடாது."

"கொஞ்சம் கொறச்சுக்க" என்று சிரித்தாய். உப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கேட்டிருக்கலாம் நீ. திட்டியிருக்கலாம். உன் தங்கச்சியிடம் சொல்லியிருந்தால் எனக்கு ஒரு வருஷம் சோறு கிடைத்திருக்காது. தை மாசம் மாதா கோயில் பக்கம் குழாய் மாற்றினோமே, அன்றைக்கு நீ ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றாய். நான் மேலே வயர் முனையில் வாசலீன் தடவிக்கொண்டிருந்தேன்.

"அது எதுக்கு மாப்ள?" என்று கேட்டாய்.

"உப்புக் காத்து ஏறிட்டா உள்ள பூத்துடும்ல, அதுக்கு..." என்று ஆரம்பித்தேன். வாயிலேயே நின்றுவிட்டது. கீழே பார்க்கப் பயமாக இருந்தது. ஏணியை உதறிவிட்டுப் போய்விடுவாயோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன்.

"ம்" என்றாய். ஏணி ஆடவில்லை.

அந்த ஒரு எழுத்துக்காகத்தான் உன்மேல் எனக்கு ரொம்பப் பொறாமை மச்சான். குரலுக்குக்கூட அவ்வளவு இல்லை. எனக்கு ஊர் முழுக்கக் குழாய் இருந்தும் அப்படி ஒரு 'ம்' சொல்ல வராது.

இந்த ஐப்பசியில் உப்பளத்து வரப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ சாய்ந்தாய். என் வேனில்தான் பாண்டிக்குக் கொண்டுபோனேன். பின்னால் குழாய்களுக்கு நடுவில் உன் தங்கச்சி மடியில் படுத்திருந்தாய். நான் ஹாரனில் கையை வைத்தபடியே ஓட்டிக்கொண்டு, "ஒண்ணும் இல்ல மச்சான், பெரிய டாக்டருங்க எல்லாம் எனக்குத் தெரிஞ்சவங்க, வாசல்லயே நிப்பாங்க" என்று கத்திக்கொண்டு போனேன். "கொஞ்சம் கொறச்சுக்க மாப்ள" என்றாய். ஸ்பீடைச் சொன்னாயா, ஹாரனைச் சொன்னாயா, டாக்டரைச் சொன்னாயா, தெரியவில்லை. மூன்றையும் குறைத்தேன். ஆஸ்பத்திரி வாசலில் யாரும் நிற்கவில்லை.

காரியம் முடிந்த மறுவாரம் மேடம் வீட்டுக்கு வந்தார். ஐந்து மணிக்குக் குழாய் சும்மா இருப்பது நன்றாக இல்லை, நீங்களே வந்து ஒரு தடவை பேசிப் பாருங்கள் என்றார். போனேன். வெள்ளைச் சட்டை இல்லை, துவைத்து வைத்திருந்த ஏதோ ஒன்று. ரூமில் நாற்காலி, மைக், அதன் மேல் இந்தப் பஞ்சு. எலி கடிக்கும் என்று தினமும் இதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவாயே, கடைசி நாள் மட்டும் மறந்துவிட்டாய் போலிருக்கிறது. மேஜை இழுப்பறையில் உன் கிராம்பு டப்பா இருந்தது. ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். காரம். இதை எப்படித்தான் ஒதுக்கிக்கொண்டு பேசினாயோ.

மேடம் டீ சொல்ல வெளியே போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். தட்டவில்லை, ஊதவில்லை. பஞ்சுக்குப் பக்கத்தில் வாயை வைத்தேன். முதலில் அந்தக் கிராம்பு வாசம் ஏறியது. அதற்குப் பிறகு எனக்கு ஊரும் தெரியவில்லை, கூட்டமும் தெரியவில்லை. உன் காதுதான் அங்கே இருந்தது.

"மச்சான், அந்த உப்ப வெக்கச் சொன்னது நான்தான். கெடும்னு எனக்குத் தெரியும்" என்றேன்.

விளக்கைப் பார்த்தேன். பச்சை மூன்று. நாலாவது ஒன்று மினுக்கி மினுக்கி அணைந்தது.

தடுப்புக்குப் பின்னால் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. மேடம் அங்கேயேதான் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்திருக்கிறார். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்:

"லெவல் சரியா இருக்குங்க. இதே மாதிரி பேசுங்க."

மூன்று வாரமாக அப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். பேசுவதற்கு முன்னால் ஒரு கிராம்பு. பேசி முடித்ததும் பஞ்சைக் கழற்றிச் சட்டைப் பையில். உன் டப்பா காலியாகி, பெரிய கடையில் புது டப்பா வாங்கிவிட்டேன். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை, கேலி செய்வார்கள். டீக்கடைக்காரர் குழாயைத் தெருப்பக்கம் திருப்பிவிட்டார். அஞ்சலை, "இப்ப பரவால்ல, அந்த அண்ணன்ல பாதி வருது" என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். பாதியாம்! முக்கால் என்றாவது சொல்லியிருக்கலாம்.

ஆக, மச்சான், இன்று காலை உன் தங்கச்சி கன்னத்தில் வைத்து அழுத பஞ்சில் இருந்தது நேற்று மத்தியானம் நான் மென்ற கிராம்பு. அது என் வாய் வாசம். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் ஆசையாக மோந்து பார்த்தது என்னைத்தான்.

சொல்ல வேண்டும் என்று வாய் துடித்தது. இந்த ஊரிலேயே இதைவிடப் பெரிய பெருமை எனக்குக் கிடைக்கப்போவதில்லை. பஞ்சை என்னிடம் நீட்டி, "அண்ணன் வாசம்தானே? நீயே சொல்லு" என்று கேட்டாள்.

வாங்கி மோந்து பார்த்தேன்.

"ம்" என்றேன்.